சத்துமாவு ஜீவாமிர்தம்

தம்பி, அந்த ஜன்னலக் கொஞ்சம் இழுத்து விடுங்க, புழுதியா வருது. ஆங், போதும். புதுக்கோட்டைக்குத்தானே? நானும் அங்கதான், பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். தாத்தா ஆயிட்டேன். நேத்து மத்தியானம் எம் மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு.

இருங்க, அதுக்குள்ள கையக் குடுக்காதீங்க. அந்தச் சேதிய எனக்கு யாரு சொன்னாங்கிறீங்க? பொண்டாட்டி சொல்லல. மச்சினன் சொல்லல. மாப்பிள்ளை திருப்பூர்லேருந்து ஒரு போன் போட்டிருக்கலாம், போடல. பிண்ணாக்குக் கடைக்காரன் சொல்றான் தம்பி! காலையில மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கப் போனா, "என்ன அடைக்கலண்ணே, பேத்தியாமே, மிட்டாய் எங்க?"ங்கிறான். ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியாத்தான் பெத்த அப்பனுக்குத் தெரியிது.

புள்ள ஒரு கிலோ தொள்ளாயிரமாம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காகளாம். நாளும் இன்னும் மூணு வாரம் இருந்துச்சு, முந்திக்கிருச்சு. இதெல்லாமும் பிண்ணாக்குக் கடை சொன்னதுதான். இப்ப நான் போறேன், எம் பொண்டாட்டி பூமயிலு என்னைய உள்ள விடுவாளா, புள்ளையக் கண்ணுல காட்டுவாளான்னு தெரியாமத்தான் போறேன். அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசி இருபத்தி மூணு நாள் ஆச்சு. மகளையும் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுல போயி உக்காந்துட்டா. எதுக்கு? நாலு பாக்கெட்டு மாவுக்கு!

நியாயத்த நீங்களே கேளுங்க. நடுவுல மட்டும் குறுக்க பேசாதீங்க, எனக்குக் கோர்வை விட்டுப்போயிரும்.

எனக்கு ரெண்டு ஏக்கரு நெலம். கம்மாப் பாசனம். கம்மா நெறைஞ்சா நெல்லு, நெறையாட்டி வேலிக்கருவை. முப்பது வருசம் ஊரே போடுறாகன்னு நானும் மூட்டை மூட்டையா உரத்தக் கொட்டுனேன், மருந்த அடிச்சேன். மண்ணு என்னாச்சு? சிமிட்டித் தரை கணக்கா ஆயிருச்சு. மம்பட்டியப் போட்டா டிங்குன்னு சத்தம் வரும். ஒரு மண்புழு கெடையாது. தூண்டில்ல மாட்ட ஒரு புழு வேணும்னாக்கூட அடுத்த ஊருக்குப் போகணும், அந்த லட்சணத்துல இருந்துச்சு.

அப்பத்தான் இயற்கை விவசாயப் பயிற்சின்னு கூப்புட்டாக. அஞ்சு நாளு. சாப்பாடு போடுறாகன்னுதான் போனேன், பொய் சொல்லக் கூடாது. மூணு வேளையும் எலைச்சோறு, ரெண்டு கூட்டு, பாயாசம். மூணாம் நாளு பாடம் எடுத்த ஐயா ஒண்ணு சொன்னாரு பாருங்க. "நீங்க பயிருக்குச் சோறு போடாதீங்க, மண்ணுக்குப் போடுங்க. ஒரு பிடி மண்ணுக்குள்ள கோடி உசுரு பசியோட கெடக்கு"ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. பாயாசத்தக் கீழ வச்சுட்டேன். கோடி உசுரு! என்னைய நம்பி! முப்பது வருசமாப் பட்டினி போட்டுட்டேனேன்னு அன்னைக்குத்தான் ஒறைச்சுச்சு.

வந்த ஒடனே ஒரு நாட்டு மாடு புடிச்சேன், செவலை. ரெண்டு டிரம்மு வாங்குனேன். இந்த ஜீவாமிர்தம் கேள்விப்பட்டிருப்பீங்களே? சாணி பத்து கிலோ, கோமியம் பத்து லிட்டரு, வெல்லம் ரெண்டு கிலோ, பயறு மாவு ரெண்டு கிலோ, ஒரு பிடி மண்ணு, எரநூறு லிட்டர் தண்ணி. காலையும் சாயங்காலமும் வலதுபக்கமாவே கலக்கணும். ரெண்டு நாள்ல நொரைச்சு வரும், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணியோட விடணும். அது ஒரு டிரம்மு. இன்னொரு டிரம்மு பஞ்சகவ்யம். அதுக்குப் பாலு, தயிரு, நெய்யி, வாழப்பழம், எளநி. அப்புறம் முட்டைக் கரைசலு. நாட்டுக்கோழி முட்டைய எலுமிச்சஞ் சாத்துல ஊறவச்சு, வெல்லத்தப் போட்டு, இன்னும் ஊறவச்சு அடிக்கணும். பூக்குற நேரத்துல தேங்காப்பாலும் மோரும் கலந்து அடிச்சா பூ உதுராது. மீனுகூட உண்டு தம்பி. மீனையும் வெல்லத்தையும் பானையில போட்டு மூடி வச்சா தேன் மாதிரி எறங்கும். கழிவு மீனு போதும்னாரு ஐயா. நான் நல்ல மீனாவே போட்டேன். கோடி உசுருக்குக் கழிவக் குடுக்குறதா?

பூமயிலு ஒரு தடவ வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. நான் வாழப்பழத்த உரிச்சு உரிச்சு டிரம்முல போட்டுக்கிட்டிருக்கேன். "அடுத்த சென்மத்துல பொறந்தா ஒங்க வயல்ல நெல்லாப் பொறக்கணும். பொண்டாட்டியாப் பொறக்கக் கூடாது"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் குத்தலாத்தான் வரும், நான் பெருசா எடுத்துக்கிர்றதில்ல.

மொத ரெண்டு வருசம் வெளைச்சலு பாதியா விழுந்துச்சு. அப்பிடித்தான் விழும், மண்ணு பழகணும்னு ஐயா முன்னாடியே சொல்லியிருந்தாரு. மண்ணு பழகுற வரைக்கும் நாங்க பழகிக்கிட்டோம். ரேசன் அரிசி இருக்கு. இருபது தேதிக்கு மேல அதுவே கஞ்சியா வரும், மாசக் கடைசியில நீத்தண்ணியா வரும். பூமயிலு நூறு நாள் வேலைக்குப் போனா. வாயக் கட்டி வயித்தக் கட்டி ஓட்டுனோம். வெளைஞ்ச நெல்லத் திங்க வேண்டியதுதானேம்பீங்க. நான் போட்டது மாப்பிள்ளைச் சம்பா தம்பி! அத எப்பிடிப் பொங்கித் திங்கிறது? பாதி வெதைக்கு. மீதிக்கு மெட்ராசுல சர்க்கரை வியாதிக்காரவுக பேரு குடுத்துட்டுக் காத்துக்கெடக்காக. எங்க வீட்டுல யாருக்கும் சர்க்கரை கெடையாது, கடவுள் புண்ணியத்துல.

ஆனா மூணாம் வருசம், இந்த வருசம், நீங்க எங்க வயலப் பாக்கணும். மம்பட்டி பொதக்குன்னு எறங்குது. ஒரு கொத்துக்கு ஏழு எட்டு மண்புழு. மார்கழி மழையில பக்கத்து வயலெல்லாம் பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கிருச்சு. எம் பயிரு நிக்கிது, மாருக்கு மேல ஒசரம், ஒண்ணுகூடச் சாயல. இத நான் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு?

இந்த நேரத்துலதான் மக இலக்கியா தலைப்பிரசவத்துக்கு வந்தா. கார்த்திகை மாசம் ஏழாம் மாசத்துக்கு வளைகாப்பப் போட்டுக் கூட்டியாந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஏழு வகைச் சோறு கட்டிக் கொண்டாந்து போட்டுட்டுப் போனாக. அவ மாமியா கெளம்பும்போது, "எம் மருமகள நல்ல நெறமா, குண்டாத் திருப்பி அனுப்புங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. "ஒங்க வீட்டுல தீனிக்கு என்ன கொறச்சலு, மாடு இருக்கு, கோழி இருக்கு"ன்னா. நானும் "ஆமா, எல்லாமே நம்ம வீட்டுலயே இருக்கு"ன்னேன். இருந்துச்சுதானே? இல்லாததையா சொன்னேன்?

எங்க ஊருக்கு வர்ற நர்சம்மா கொஞ்சம் கறாரு. மொத நாளே இலக்கியாவ எடை மெசினுல ஏத்துனாக. நாப்பத்தாறு. "ஏழாம் மாசத்துல இதெல்லாம் ஒரு எடையா? தெனம் ஒரு முட்டை, ரெண்டு டம்ளரு பாலு, பால்வாடியில குடுக்குற சத்துமாவ ரெண்டு வேளை உருண்டை புடிச்சுத் தின்னணும்"னாக. பூமயிலு என்னையத் திரும்பிப் பாத்தா. நான் மோட்டுவளையப் பாத்தேன். முட்டை பூரா அப்ப எலுமிச்சஞ் சாத்துல ஊறிக்கிட்டிருந்துச்சு. ஊறுன முட்டைய எடுத்து அவிக்க முடியுமா தம்பி?

இருந்தாலும் நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. மறுநாளு காலையில பால்ல ஒரு டம்ளரு எடுத்து வச்சேன், மகளுக்குன்னு. செவலை ரெண்டு லிட்டருதான் கறக்கும், அதுக்கு மேல பிசாசு வந்தாலும் கறக்காது. டிரம்முக்கு அளவு ரெண்டு லிட்டரு. ஒரு டம்ளரு கொறைஞ்சா என்னான்னு நீங்க கேக்கலாம். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா மனசு கேக்கல. அளவுன்னா அளவுதானே? நாலு நாளு குடுத்தேன். அஞ்சாம் நாளு அவளே "எனக்குப் பாலு வேணாம்ப்பா, கொமட்டுது"ன்னுட்டா. பாருங்க, அவளா சொன்னது! நான் நிறுத்தல. அப்புறம் பூமயிலு என்ன சொன்னாத் தெரியுமா? "அவளுக்கு ஒண்ணும் கொமட்டல, டம்ளரக் குடுக்கும்போது ஒங்க மூஞ்சி போன போக்கப் பாத்துட்டுச் சொல்லியிருக்கா"ன்னா. எம் மூஞ்சி எப்பிடிப் போச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?

மார்கழி பொறக்குறப்ப எங்க வயலப் பாக்க ஒரு வேன் நெறைய ஆளு வந்தாக. மெட்ராசு, கோயமுத்தூரு, எல்லாம் படிச்சவுக. ஆளாளுக்கு மண்ண மோந்து பாக்குறாக. ஒரு பொண்ணு மண்புழுவக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்சுது. எனக்குத் தலைகால் புரியல. வீட்டுல பூமயிலு மாப்பிள்ளைச் சம்பாவுல கஞ்சி வச்சு, பொங்கலு பொங்கி, அத்தனை பேருக்கும் போட்டா. அது விருந்துக்குன்னு தனியா எடுத்து வச்ச அரிசி. தின்னுட்டு, "என்ன மணம், என்ன ருசி, நீங்கல்லாம் குடுத்து வச்சவுக, தெனமும் இதத் திங்கிறீங்க"ன்னு ஒரு அம்மா இலக்கியாகிட்டச் சொன்னாக. இவ வாய மூடிக்கிட்டுத் தலைய ஆட்டியிருக்கலாமா இல்லையா? "இன்னைக்குத்தாங்க நானும் மொதமொதலா திங்கிறேன். நாங்க ரேசன் அரிசி"ன்னா.

அம்புட்டுப் பேரு கையும் எலையிலயே நின்னுபோச்சு. நான் சமாளிச்சேன். "புள்ளத்தாச்சி, வெளையாட்டுக்குச் சொல்லுது"ன்னேன். அந்தம்மா சிரிக்கல. போகும்போது இலக்கியா தோளத் தொட்டுட்டு, என் பக்கம் திரும்பாம வேன்ல ஏறிட்டாக. போட்டோ புடிச்சவரு மட்டும் டிரம்மப் பத்தி நல்லா வெவரமாக் கேட்டாரு.

சரி, மாவுக்கு வர்றேன். கதிரு வெளிய வர்ற நேரம். பயிருக்கு அப்பத்தான் தம்பி பசி ஜாஸ்தி, பொம்பளைக மாதிரிதான் அதுவும், அது ஒரு சூலு. எங்க பக்கத்துல சூலுப் பயிருன்னே சொல்வோம். அந்த நேரம் பாத்து பயறு மாவு தீந்துபோச்சு. டிரம்முல சாணி கெடக்கு, கோமியம் கெடக்கு, வெல்லம் போட்டாச்சு, மாவு இல்ல. வீட்டுக்குள்ள வந்தா அலமாரியில அடுக்கா நாலு பாக்கெட்டு. மாவு! எனக்கென்ன தெரியும்? பொம்பளைக வீட்டுல ஆயிரம் மாவு வச்சிருப்பாக. தோசைக்கா, பலகாரத்துக்கா, எதுன்னு நான் கண்டேனா? மொத தடவ ரெண்டு பாக்கெட்டு, அடுத்த பதினஞ்சாம் நாளு ரெண்டு.

என்னா நொரைங்கிறீங்க! மறுநாளே டிரம்மு மூடியத் தூக்கிருச்சு. வாசம் தெருவுக்கே வருது. பயறு மாவுல இல்லாததெல்லாம் இதுல இருக்கே, கேப்பை, கோதுமை, மக்காச்சோளம், கடலை, வெல்லம் வேற. விட்ட ஒரு வாரத்துல பயிரு கருகருன்னு ஆயிருச்சு. கதிரு ஒவ்வொண்ணும் பொம்பளைக சடை மாதிரி தொங்குது. எனக்குச் சந்தோசம் தாங்கல. போன்ல எங்க பயிற்சிக்காரவுக குரூப்பு ஒண்ணு இருக்கு, முந்நூறு பேரு. டிரம்மப் போட்டோ புடிச்சுப் போட்டேன். பக்கத்துல காலிப் பாக்கெட்டையும் வச்சு, "சத்துமாவு ஜீவாமிர்தம், என் கண்டுபிடிப்பு, அடைக்கலம்"னு எழுதிப் போட்டேன். கைதட்டு பொம்மையா வந்து விழுது. நாப்பது பேரு "எங்க கிடைக்கும்"னு கேக்குறாக.

அந்தப் போட்டோ எப்பிடியோ சுத்தி நர்சம்மா போனுக்குப் போயிருச்சு.

அன்னைக்கே வந்துட்டாக. கையில எடை மெசினையும் தூக்கிக்கிட்டு வந்தாக. இலக்கியாவ ஏத்துனாக. நாப்பத்தஞ்சரை. ஒரு மாசத்துல கூடல, அரைக் கிலோ கொறைஞ்சிருக்கு. "மாவு தின்னியா?"ன்னாக. இவ, "தீந்துபோச்சுன்னு அம்மா சொன்னுச்சு"ங்கிறா. பூமயிலு, "நீ தின்னு தீத்துட்டன்னுல நான் நெனச்சேன்"ங்கிறா. நர்சம்மா போனத் தொறந்து படத்தக் காட்டுனாக. ரெண்டு பொம்பளைகளும் படத்தப் பாத்தாக, அப்புறம் என்னையப் பாத்தாக.

"அண்ணே, ஒங்க பயிரு எத்தன கிலோண்ணே கூடியிருக்கு?"ன்னு கேட்டாக நர்சம்மா. அரசாங்க வேலை பாக்குறவுக இப்பிடி நக்கலாப் பேசலாமா? "வயித்துப் புள்ளைக்கு வளத்தி பத்தல. நாள் முந்திக்கிருச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாக.

பூமயிலு கத்துவா, மம்பட்டியத் தூக்குவான்னு நான் மாட்டுக் கொட்டாய்ப் பக்கமா நகந்துட்டேன். அவ என் பக்கமே வரல தம்பி. அருவாள எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனா. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தா. மத்தியானம் ஆச்சு, "சாப்புட வாங்க"ன்னா. உக்காந்தேன். வட்டில்ல சோறு இல்ல. ஒரு கத்தை பச்சை நெல்லுப் பயிரு, கதிரோட, வேர்மண்ணு தட்டாம வச்சிருக்கா.

"எம் புள்ளைக்கு வந்த பாலு, முட்டை, மாவு அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. தின்னுங்க"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நீங்க வெவசாயி இல்ல, என்ன காரியம் பண்ணிட்டான்னு ஒங்களுக்குப் புரியாது. பால் புடிக்கிற கதிரு தம்பி அது! அமுக்குனா பாலு வருது! இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நெல்லு. எட்டுத் தூரு அறுத்திருக்கா, நான் வயலுக்குப் போயி எண்ணிப் பாத்தேன். "பால் புடிக்கிற நேரத்துல இப்பிடி வெட்டலாமாடி, பச்ச உசுரு இல்லையா?"ன்னு கத்துனேன். அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. அப்பிடி அவ என்னைய என்னைக்கும் பாத்ததில்ல. அப்புறம் இலக்கியா துணிமணிய எடுத்துப் பையில வச்சா. எடுத்து வச்சு, மகளைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு நடந்துட்டா. அவ அண்ணன் வீட்டுல நாலு எருமை நிக்கிது. யூரியாப் போட்டு வெள்ளாமை பண்றவன். நான் பேசுற எந்தக் கூட்டத்துலயும் பேரச் சொல்லாம அவனத்தான் திட்டுவேன். அந்த ஆளு வீட்டுக்கு!

இலக்கியா மட்டும் வாசல்ல ஒருக்கா திரும்பி, "அப்பா, வட்டிலக் கழுவிருங்க"ன்னா.

இப்பச் சொல்லுங்க. தெரியாமப் பண்ணுன தப்புக்கு இம்புட்டுத் தண்டனையா?

என்ன தம்பி, பேசாம இருக்கீங்க? குறுக்க பேசக் கூடாதுன்னு சொன்னதால இருக்கீங்களா, இல்ல நெசமாவே பேச ஒண்ணும் இல்லையா?

...பாக்கெட்டுல படம் போட்டிருக்குமான்னு கேக்குறீங்க. போட்டிருக்கு. வயித்துப் புள்ளக்காரி படம். எழுத்தும் இருக்கு, எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மொத ரெண்டு பாக்கெட்டு வேணும்னா அவசரம்னு சொல்லலாம். அடுத்த ரெண்டு அப்பிடி இல்ல.

ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போகப் போற ஆளு. அந்த ரெண்டாவது தடவ, டிரம்முகிட்ட நின்னு பாக்கெட்டப் பிரிச்சேன். கம்முன்னு வாசம். காலையில நீத்தண்ணி குடிச்ச வயிறு. ஒரு பிடி அள்ளி வாயில போட்டேன். இனிச்சுக் கெடந்துச்சு தம்பி. கண்ண மூடிக்கிட்டு மென்னேன். அப்பிடி ஒண்ணத் தின்னு ரொம்ப நாளாச்சு. ரெண்டாவது பிடி அள்ளப் போனேன், கை நின்னுபோச்சு. புள்ளத்தாச்சி மக மாவ அப்பன் அள்ளித் திங்கிறதான்னு வெக்கமாப் போச்சு. வெக்கம்னா அப்பிடி ஒரு வெக்கம். யாராச்சும் பாத்துட்டாகளான்னு சுத்திமுத்திப் பாத்துட்டு, பாக்கெட்டோட தலைகீழா டிரம்முல கவுத்துட்டேன்.

திருப்பி அலமாரியில வச்சிருக்கலாம்ல? அது எனக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல.

இருங்க, போன் அடிக்கிது. அட, பூமயிலு! இருபத்தி மூணு நாள் கழிச்சு. இருங்க, இருங்க. அலோ? ஆங், வந்துக்கிட்டிருக்கேன், பஸ்ஸுல. புள்ள எப்பிடி இருக்கு? ...சரி. ...சரி. ...கொண்டாறேன். கொண்டாறேன்னு சொல்றேன்ல? வையி.

பேசிட்டா தம்பி. திட்டல. புள்ள மூச்சு நல்லா விடுதாம், பொட்டிக்குள்ள காலை ஆட்டுதாம். ரெண்டு நாள்ல வெளிய எடுத்துருவாகளாம். இலக்கியாவுக்குத்தான் பாலு ஊறலையாம். ஒடம்புல ஒண்ணும் இல்ல, எங்கிட்டிருந்து ஊறும்னு டாக்டரம்மா திட்டுனாகளாம். "செவலைப் பாலு கொஞ்சம் தூக்குல கொண்டாந்தீங்களா, காய்ச்சிக் குடுக்கணும்"னு கேக்குறா. நான் கொண்டாறேன்னு சொல்லிட்டேன். நீங்களும் கேட்டீங்கள்ல.

கையில தூக்கும் இல்ல, பாலும் இல்ல. காலையில பேத்தி சேதி கேட்டு வந்தேனா, சந்தோசத்துல மாட்டக் கறந்தேன். ரெண்டு லிட்டரு. நேராப் போயி பஞ்சகவ்ய டிரம்முல ஊத்திட்டு, கைய அலசிட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு பஸ்ஸேறிட்டேன்.

அது பக்குவமாக இன்னும் பதினெட்டு நாளு ஆகும் தம்பி. எனக்கு அறுப்பு அடுத்த வெள்ளிக்கெழமை. கதிரெல்லாம் செவசெவன்னு முத்தித் தலை சாஞ்சு நிக்கிது, இனி அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூட வேணாம். யாருக்கு ஊத்துனேன்? அந்த வயல்ல இப்பப் பசியோட ஒரு உசுரும் இல்ல. எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தியிருக்கேன், கை அதுபாட்டுக்குப் போகுது.

ஆஸ்பத்திரி ஸ்டாப்புல பாக்கெட்டுப் பாலு கெடைக்குமா தம்பி? தூக்கு ஒண்ணு வாங்கி அதுல ஊத்திக் கொண்டுபோனாலும் பூமயிலு ஒரு மோப்பத்துல கண்டுபிடிச்சிருவா. வேணாம். பாக்கெட்டோடவே கொண்டுபோயிக் குடுத்துர்றேன். கேட்டா, செவலைப் பால டிரம்முல ஊத்திட்டேன்னு சொல்லிர்றேன். அதுக்கப்புறம் புள்ளையக் காட்டுனா காட்டட்டும்.

கொஞ்சம் எந்திரிங்க, எறங்கணும். கண்டக்டரய்யா, ஆள் எறங்க விடுங்க!